நாவும் வழுவும்

நாவினை இடறச் செய்தற்கென்றே அமைக்கப்பெற்ற சொற்றொடர்கள் பல மொழிகளிலும் உண்டு. ஒலியால் நெருங்கிய எழுத்துக்களை மாற்றி மாற்றி அடுக்கி, விரைந்து சொல்லுவாருடைய நாவை ஓர் எழுத்திற்கு மற்றோர் எழுத்தைப் பற்றுமாறு செய்வது அவற்றின் இயல்பு. அவற்றை நாப்பிறழ் தொடர்கள் எனலாம். ஆங்கில மொழியில் இவை மிகப் பல. அம்மொழி வழங்கும் நாடுகளில் இவை சிறுவர்க்கு விளையாட்டாகவும், மேடையிலும் வானொலியிலும் பேசப் பயில்வோர்க்குப் பயிற்சியாகவும் அமைந்துள்ளன. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலம் பயிலும் மாணவரும் இவற்றுள் ஒன்றிரண்டை மனப்பாடமாக ஒப்பிப்பதுண்டு.

இத்தொடர்களைச் சொல்லிப் பார்த்துச் சிரிப்பவர் பலர். எழுதிப் பார்த்து ஆராய்பவர் சிலரே. எழுதிப் பார்ப்பின், இவற்றுள் இலக்கண வழுவும் எழுத்து வழுவும் ஆங்காங்கே கிடத்தல் புலனாகும். ஓரிடத்தில் வினை எழுவாயோடு இயையாது நிற்கும். ஓரிடத்தில் பன்மை விகுதி இரட்டித்து வரும். ஓரிடத்தில் எழுத்து ஒன்றாகவும் ஒலி வேறொன்றாகவும் இருக்கும். இவ்வழுக்களை ஆசிரியர் திருத்துதல் வேண்டுமா, வாளா விடுதல் வேண்டுமா? திருத்தினால் தொடரின் உயிர் போய்விடும். திருத்தாது விட்டாலோ, மாணவன் அதனையே சான்றாகக் கொண்டு தன் கட்டுரையிலும் எழுதிவிடுவான். ஆதலின் வழு என்பது யாது என முதற்கண் தெளிதல் வேண்டும்.

தமிழ் இலக்கண நூலார் சொற்களின் நிலையை வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாக வகுத்தனர். இலக்கண நெறியினின்றும் பிறழாது வருவது வழாநிலை. பிறழ்ந்து வருவது வழு. பிறழ்ந்து வரினும், யாதேனும் ஒரு காரணம் பற்றிச் சான்றோர் அமைத்துக் கொண்டது வழுவமைதி. அன்பு மிகுதியால் தன் பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என ஒருவன் கூறுவானாயின், அஃறிணையை உயர்திணையாகக் கூறியது திணை வழுவே. எனினும் உவப்பு என்னும் காரணம் பற்றி அஃது அமைக்கப்பட்டது. இம்மூன்று நிலைகளையும் உளங்கொண்டு நோக்கின், ஆங்கில நாப்பிறழ் தொடர்களில் உள்ள பிழைகள் யாவும் ஒரு தன்மையன அல்ல என்பது விளங்கும்.

ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவை அடுத்து லீத் என்னும் துறைமுகப் பட்டினம் உள்ளது. 1920-ஆம் ஆண்டில் எடின்பரோவோடு இணைக்கப்பெறும் வரையில் அது தனி நகராட்சியாக விளங்கியது. அவ்வூர்ப் போலீசார் ‘எம்மைப் போக விடுகின்றனர்’ என்னும் பொருள்பட அமைந்த தொடர் ஒன்று ஆங்கிலத்தில் பெயர் பெற்றது. மது அருந்தினானோ என்று ஐயுறப்பட்டவனை இத்தொடரைச் சொல்லச் செய்து உண்மை தெளிவர் என்று வேடிக்கையாகக் கூறுவதுண்டு. லீத், போலீஸ், டிஸ்மிஸெத், அஸ் என்னும் நான்கும் அதன்கண் ஒன்றன்பின் ஒன்றாய் வருகின்றன. லீத் என்பதன் ஈற்றில் நாவின் நுனி பல்லை அணுகுதல் வேண்டும். போலீஸ் என்பதன் ஈற்றில் அது பல்லினின்றும் பின்வாங்கிச் சீறுதல் வேண்டும். அடுத்த சொல்லில் இருமுறை சீறி, மீண்டும் பல்லை அணுகி, அதன் பின்னர் இறுதிச் சொல்லிற்காக மறுபடியும் பின்வாங்குதல் வேண்டும். இங்ஙனம் முன்னும் பின்னும் அலைக்கப்படும் நா, மதுவின் உதவியின்றியே தடுமாறும்.

இத்தொடரின் இலக்கணத்தைச் சிறிது நோக்குக. போலீஸ் என்னும் சொல், வடிவால் ஒருமை போலத் தோன்றினும், ஆங்கிலத்தில் பன்மை வினையையே கொள்ளும். எத் என்பதோ படர்க்கை ஒருமைக்குரிய பழைய வினை விகுதி. 1611-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் இவ்விகுதி பெருவரவிற்று. அந்நாளிலேயே மக்களின் பேச்சில் எஸ் என்னும் விகுதி அதன் இடத்தைக் கைப்பற்றிக்கொண்டு வந்தது. இன்று எத் முற்றும் வழக்கொழிந்தது. ஆகவே, வழக்கொழிந்த விகுதி ஒன்றைத் தேடி எடுத்து, அதனையும் பொருந்தா எழுவாயோடு புணர்த்தியிருக்கின்றனர். ‘காவலர் எம்மை விடுவிக்கின்றான்’ என்று தமிழில் எழுதினால் எத்துணைப் பிழையோ அத்துணைப் பிழை இது.

ஒரு சாரார் இதற்கு அமைதி கூற முற்படலாம். பழைய ஆங்கிலத்திற்கும் இக்கால ஆங்கிலத்திற்கும் இடைப்பட்ட காலத்தில், இங்கிலாந்தின் தென்பகுதி வழக்கில் எத் விகுதி பன்மைக்கும் வந்ததுண்டு என்பது உண்மையே. ஆயின் லீத் பட்டினம் இருப்பது தெற்கில் அன்று, வடக்கே ஸ்காட்லாந்தில். அவ்வட வழக்கின் நெறி வேறு. அங்கே பன்மைப் பெயர் எழுவாயாக வரும்போது வினை எஸ் விகுதி பெறுதல் நெடுங்கால மரபு. ஆதலின் லீத் நகரத்தான் ஒருவன் ‘டிஸ்மிஸஸ்’ என்று கூறியிருப்பின், அது வட்டார வழக்கென்று அமைக்கப்படும். ‘டிஸ்மிஸெத்’ என்பதற்கு அந்த அமைதியும் இல்லை. அவ்விகுதி ஈண்டு வந்ததற்கு ஒரே காரணம், அதன் ஈற்றில் நிற்கும் பல்லொலி. டிஸ்மிஸ் என்று இலக்கணப்படி திருத்திச் சொல்லிப் பார்ப்பவர், நாவின் வழியிற் கிடந்த முள் ஒன்று எடுபட்டுவிட்டதை உணர்வர்.

இவ்வாறு ஒலிக்காக வேண்டுமென்றே செய்துகொண்ட வழு இன்னொரு தொடரிலும் உண்டு. மோசஸ் என்பான் ஒருவன் தன் கால்விரல்களை ரோஜா மலர்கள் என்று எண்ணுகின்றான்; அவன் எண்ணம் தவறு என்று அத்தொடர் கூறுகின்றது. 1952-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சிங்கிங் இன் த ரெயின்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தால் இத்தொடர் உலகெங்கும் பரவியது. ஊமைப்படங்கள் போய்ப் பேசும்படங்கள் தோன்றிய காலத்து நிகழ்ச்சிகளைக் கூறுவது அப்படம். அதுவரை வாய் திறவாது நடித்துப் பொருள் ஈட்டிய நடிகர்கள் உச்சரிப்புப் பயிற்சி ஆசிரியரிடம் சென்று இத்தகைய தொடர்களைச் சொல்லிப் பழக நேர்ந்த நிலையை அது நகைச்சுவையுடன் காட்டுகின்றது.

கால்விரலுக்கு ஆங்கிலத்தில் டோ என்பது பெயர். அதன் பன்மை டோஸ். மோசஸ், ரோசஸ் என்பவற்றோடு ஓசை ஒத்தல் வேண்டும் என்பதற்காக, இத்தொடரில் அது ‘டோஸஸ்’ என ஆக்கப்பட்டது. பன்மையின்மேல் மற்றுமொரு பன்மை! மோசஸின் எண்ணத்தைத் தவறு எனக் கூறவந்த தொடரே தவறான சொல்லைக் கொண்டிருத்தல் நகைப்பிற்கு இடமானது. ஆயினும் நகைத்துவிட்டுப் போதல் இயலாது. குழந்தைகளைக் குறிக்கும் சில்ட்ரன் என்னும் சொல்லை நோக்குக. பழைய ஆங்கிலத்தில் ரகர ஒலி பெற்ற பன்மை வடிவம் ஒன்று இச்சொல்லுக்கு இருந்தது; பின்னர் அது சில்டர் என வழங்கிற்று. அது பன்மை என்பதை மக்கள் மறந்தனர் போலும். அதன்மேல் என் என்னும் வேறொரு பன்மை விகுதியையும் ஏற்றினர். இரட்டைப் பன்மையாகிய அச்சொல்லே இன்று செவ்விய ஆங்கிலம். அதனை எந்த ஆசிரியரும் அடித்துத் திருத்துவதில்லை. தமிழிலும் இதனை ஒப்பது உண்டு. அரசர் என்பதே பலர்பால். அதன்மேல் கள் விகுதி சேர்த்து அரசர்கள் என்கிறோம். அவர்கள் என்பதும் அத்தகையதே. விகுதிமேல் விகுதி என்று இலக்கணம் இவற்றை ஏற்றுக்கொண்டது. ஆயின் ‘அவைகள்’ என்று எழுதும் மாணவன் மட்டும் சிவப்பு மையைக் காண்கின்றான். சில்ட்ரன் என்பதற்கும் டோஸஸ் என்பதற்கும் பிறப்பில் வேற்றுமை இல்லை. முன்னதை மக்கள் பல தலைமுறை வழங்கி அமைத்துக்கொண்டனர். பின்னதை ஒரு வேடிக்கைத் தொடருக்கு அப்பால் எவரும் வழங்கவில்லை. எனவே அத்தொடரைச் சொல்லும்போது டோஸஸ் என்றே சொல்லுதல் வேண்டும். கட்டுரை எழுதும்போது டோஸ் என்றே எழுதுதல் வேண்டும். ஆசிரியர் இரண்டையும் ஒரே வகுப்பில் கூறுவதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.

இனி, இலக்கண வழு எனப் பலரும் கருதியும் ஆராய்ந்தால் வழுவன்று எனத் தோன்றுவது ஒன்று. பீட்டர் பைப்பர் என்பவனைப் பற்றிய தொடர் ஆங்கிலத் தொடர்களுள் மிகப் புகழ் பெற்றது. 1813-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஜான் ஹாரிஸ் என்னும் பதிப்பாளர், சிறுவரின் உச்சரிப்பைத் திருத்துதற்பொருட்டு அகர வரிசையில் அமைந்த நூல் ஒன்றை வெளியிட்டார். அதன் பெயரே பீட்டர் பைப்பரின் பெயரைத் தாங்கி, பகர ஒலியால் நிறைந்திருந்தது. ஊறவைத்த மிளகாயில் ஒரு பெக் அளவு அவன் ‘பிக்’ செய்தான் என்பது தொடரின் பொருள். பெக் என்பது தானியம் முதலியவற்றை அளக்கும் பழைய அளவை. இக்கால அளவையில் ஏறத்தாழ 9 லிட்டர். பிக் என்றால் பறித்தல். ஊறிய மிளகாயைச் செடியிலிருந்து எவ்வாறு பறிப்பது? செடியில் இருப்பது பச்சை மிளகாய் அன்றோ என்று பலர் இதனைக் குறை கூறுவர்.

‘மாவு அரைத்தாள்’ என்று தமிழில் கூறுகின்றனர், அரைக்கப்படுவது அரிசியே. ‘கிணறு வெட்டினான்’ என்கின்றனர்; வெட்டப்படுவது நிலமே. செயலின் முடிவில் தோன்றும் பொருளை முன்னரே செயப்படுபொருளாகக் கூறுதல் மொழி மரபு. இரண்டாம் வேற்றுமைப் பொருள்களுள் ஆக்கல் என்பதும் ஒன்றாதலை மாணவர் அறிவர். ஆயின் இவ்வமைதி பீட்டருக்குப் பயன்படாது. அரைத்தலால் மாவு ஆகும்; வெட்டுதலால் கிணறு ஆகும்; பறித்தலால் மிளகாய் ஊறாது. அவனைக் காப்பாற்றுவது வேறொன்று. பிக் என்னும் சொல்லிற்குப் பறித்தல் என்பதோடு பொறுக்கி எடுத்தல் என்னும் பொருளும் உண்டு. சாடியில் ஊறிக் கிடந்த மிளகாய்களுள் நல்லனவாக ஒரு பெக் அளவு பொறுக்கி எடுத்தான் என்று கொள்வார்க்கு வழு யாதும் இல்லை. பைப்பர் என்பது குழல் ஊதுவோனைக் குறிக்கும் குடிப்பெயர். எனினும், மிளகிற்கு இலத்தீன் மொழியில் வழங்கிய பெயரும் எழுத்தளவில் பைப்பர் என்பதே. திப்பிலியைக் குறிக்கும் பிப்பலி என்னும் வடசொல் கிரேக்கர் வாயிலாக மேல்நாடு சென்று அவ்வடிவு எய்திற்று. ஆங்கில நூலைச் செய்தவர் இதனை எண்ணியிரார். ஆயினும் அப்பெயர் அவனுக்கு நன்கு பொருந்திற்று.

பீட்டரின் தொடர் இலக்கணம் கற்பிப்பதற்கும் உதவுவது. முதலில் பிக்ட் என்று இறந்தகால வினையால் செய்தி கூறப்படுகின்றது. அடுத்து அதுவே வினாவாக மாறுகின்றது. வினாவில் டிட் என்னும் துணைவினை வந்து காலத்தைத் தானே ஏற்றுக்கொள்ளுதலின், முதல்வினை பிக் என்று வெறும் பகுதியாய் நிற்றல் வேண்டும். ‘டிட் பிக்ட்’ எனக் காலத்தை இருமுறை காட்டி எழுதுதல் ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவரிடத்து மிகுதியாகக் காணப்படும் பிழை. இத்தொடரை நூறுமுறை சொல்லியவன் அப்பிழையைச் செய்யான்.

எழுத்து வழுவின் பக்கம் திரும்பினால் மிகுந்த வியப்பு அளிப்பது வுட்சக் என்னும் விலங்கைப் பற்றிய தொடரே. 1903-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் நடிக்கப்பெற்ற ‘தி ரன்அவேஸ்’ என்னும் இசை நாடகத்தில் பாடப்பெற்று இது புகழ் எய்தியது. வுட்சக் என்பது வட அமெரிக்காவில் வளை தோண்டி வாழும், கொழுத்த உடலும் குறுகிய கால்களும் உடைய கொறிவிலங்கு. ஆங்கிலத்தில் வுட் என்றால் மரக்கட்டை. சக் என்றால் எறிதல். மரக்கட்டையை எறிதல் இவ்விலங்கிற்கு இயலுமாயின் எத்துணைக் கட்டையை எறியும் என்று தொடர் வினவுகின்றது.

இதன்கண் மூன்று சொற்கள் ஆராயத்தக்கன. மரக்கட்டையைக் குறிக்கும் வுட் ஒன்று. துணைவினையாகிய வுட் மற்றொன்று. ஒலியால் இவை இரண்டும் ஒன்றே. எழுத்தாலோ முற்றிலும் வேறு. துணைவினையை எழுதுங்கால் எல் என்னும் எழுத்து இடையே வந்து ஒலியாது நிற்கும். வில் என்னும் வினையின் இறந்தகால வடிவம் அது. பண்டைக் காலத்தில் அந்த எல் ஒலித்தது. ஒலி மறைந்த பின்னும், இறந்தவனுக்கு நாட்டிய நடுகல்லைப் போல எழுத்து மட்டும் எஞ்சி நிற்கின்றது. இஃது எழுத்து வழு அன்று, பழமையின் சுவடு.

மூன்றாவது சொல், ‘இயலுமாயின்’ என்னும் பொருளில் வரும் குட் என்னும் துணைவினை. ‘நல்ல’ என்னும் பொருள் தரும் குட் வேறு. துணைவினையாகிய குட் என்பதிலும் எல் என்னும் எழுத்து ஒலியாது நிற்கின்றது. அதுவும் பழமையின் சுவடு என்று கருதுவார் ஏமாறுவர். கேன் என்னும் வினையிலிருந்து பிறந்த அச்சொல்லின் பிறப்பில் லகரத்திற்கு இடமே இல்லை. வுட், ஷுட் என்னும் துணைவினைகள் இரண்டிலும் எல் இருத்தலைக் கண்டு, அவற்றோடு ஒரு வரிசையில் நிற்கும் குட் என்பதிலும் அது இருத்தல் வேண்டும் என்று எண்ணி, ஏறத்தாழ 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் எழுதுவோர் அதனை நுழைத்துவிட்டனர். இது முழு எழுத்து வழு. ஒப்புமை கருதி ஒருவர் செய்த பிழையைப் பலர் பின்பற்றினர். அச்சும் அகராதியும் அதனை நிலைநிறுத்தின. இன்று எல் இன்றி அச்சொல்லை எழுதும் மாணவனுக்கே மதிப்பெண் குறைகின்றது. வரலாற்றுப்படி சரியாக எழுதியவன் அவனே என்று வழக்காடினும் பயன் இல்லை.

அவ்விலங்கின் பெயரும் பிழையிற் பிறந்ததே. வட அமெரிக்கப் பழங்குடியினர் பேசும் அல்காங்கியன் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த சொல் ஒன்றைப் பதினேழாம் நூற்றாண்டில் அங்குக் குடியேறிய ஆங்கிலேயர் கேட்டனர். அச்சொல் அவர் நாவில் நேரே படியவில்லை. தமக்குத் தெரிந்த வுட், சக் என்னும் இரு சொற்களாக அதனை ஒட்டி உருவாக்கிக்கொண்டனர். மரத்தோடும் எறிதலோடும் அப்பெயர்க்கு யாதொரு தொடர்பும் இல்லை. கேட்ட சொல்லைத் தன் மொழிச் சொல்லாகத் திரித்து வழங்கிய இந்தப் பிழை நிகழ்ந்திராவிடில், புகழ் பெற்ற இத்தொடரே தோன்றியிராது. உண்மையில் வுட்சக் எறிவது மண்ணையே. 1988-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்து வனவிலங்கு அலுவலர் ஒருவர், வளை ஒன்றைத் தோண்டுங்கால் அது அகற்றும் மண்ணின் அளவைக் கணக்கிட்டு, அவ்வளவும் மரக்கட்டையாயின் ஏறத்தாழ 700 பவுண்டு, அதாவது 318 கிலோகிராம் ஆகும் என்று விடை கூறினார். வினவியவர் விடையை எதிர்பார்த்திரார்!

கடற்கரையில் கிளிஞ்சல் விற்கும் பெண்ணைப் பற்றிய தொடரை அறியாதார் இலர். 1908-ஆம் ஆண்டில் டெர்ரி சலிவன் இயற்றிய பாட்டால் அது பரவிற்று. இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்னும் ஊரில் வாழ்ந்து, தொல்விலங்குகளின் கற்படிவங்களைத் தேடி எடுத்த மேரி ஆனிங் என்னும் அம்மையாரே (1799–1847) அப்பெண் என்று கூறுவாரும் உளர். அதற்குச் சான்று இல்லை. சகர ஒலியும் ஷகர ஒலியும் மாறி மாறி வருதலே இத்தொடரின் இடர்ப்பாடு. அதனோடு எழுத்தும் ஒரு கண்ணியை வைத்திருக்கின்றது. ‘உறுதியாக’ என்னும் பொருளுடைய ஷூர் என்னும் சொல் இத்தொடரில் வருகின்றது. அது எஸ் என்னும் எழுத்தைக் கொண்டு தொடங்கினும் ஒலிப்பது ஷகரமே. கண் எஸ் என்று கூற, வாய் ஷகரத்தை ஒலித்தல் வேண்டும். மேலும், இங்கிலாந்தில் பலர் வாயில் இச்சொல்லும் கடற்கரையைக் குறிக்கும் ஷோர் என்னும் சொல்லும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஆசிரியர் இத்தொடரைச் சொல்ல எழுதும் ஆங்கிலச் சிறுவனும், ஒன்றிற்கு மற்றொன்றை எழுதுவதற்கு இடம் உண்டு.

ஒலியால் ஒன்றுபடுதல் ஊர்தோறும் வேறுபடும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்கப் பெண் எழுத்தாளர் காரலின் வெல்ஸ் இயற்றிய வேடிக்கைப் பாட்டில் குழல் ஊதும் ஆசிரியர் ஒருவர் வருகின்றார். ஆசிரியரைக் குறிக்கும் சொல்லையும் ஊதுவோனைக் குறிக்கும் சொல்லையும் அமெரிக்கர் ஒரே ஒலியாக டூட்டர் என்பர். இங்கிலாந்தில் முன்னதனை ட்யூட்டர் என்பர். ஆகவே அப்பாட்டின் இன்பத்தில் ஒரு பகுதி கடலைக் கடக்கும்போது கரைந்துவிடுகின்றது.

ஆங்கிலத் தொடர்களுள் மிகக் கடினமானது எனக் கின்னஸ் சாதனை நூல் ஒருகால் குறித்த தொடர், நோயுற்ற ஆறாவது ஷேக்கினுடைய ஆறாவது ஆடு நோயுற்றிருக்கின்றது என்பது. ஷேக் என்பார் அராபியத் தலைவர். இத்தொடரில் இலக்கண வழு எள்ளளவும் இல்லை; ஆயினும் இதனைப் பிழையின்றி எழுதுவார் அரியர். ஷேக் என்பதன் ஈற்றிலும், ஆட்டைக் குறிக்கும் ஷீப் என்பதன் ஈற்றிலும் எஸ் என்னும் எழுத்து வருகின்றது. அவ்வெழுத்தின் முன்னர்த் தலைமேல் இடும் சிறு குறியை ஆங்கிலேயர் அபாஸ்ட்ரபி என்பர். இரண்டு சொற்களிலும் குறி ஒன்றே, பொருள் வேறு. ஷேக் என்பதன்பின் வருவது ஆறாம் வேற்றுமைப் பொருளை உணர்த்துகின்றது. ஷீப் என்பதன்பின் வருவதோ ‘இருக்கின்றது’ என்னும் வினைச்சொல்லின் சுருக்கம். செவி இவ்விரண்டையும் பிரித்தறியாது. பொருள் உணர்ந்தவனே அறிவான். குறியை எஸ் என்னும் எழுத்தின் பின்னர் இட்டுவிட்டால் ஷேக் ஒருவர் பலர் ஆகிவிடுவார். ‘ஆறாவது’ என்னும் எண்ணடை ஒருவரையே குறிக்குமாதலின், அங்ஙனம் எழுதியது பிழை என்பதைத் தொடரே காட்டிக்கொடுக்கும். ஷீப் என்பது ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாய் நிற்பது. தமிழில் ‘ஆடு வந்தது’, ‘ஆடு வந்தன’ என்று வரும் பால்பகா அஃறிணைப் பெயரோடு அதனை ஒப்பிடலாம்.

இத்தொடரில் நாவை மிகுதியும் வருத்துவது ஆறாவது என்பதற்குரிய சிக்ஸ்த் என்னும் சொல். மெய்கள் மூன்று அதன் ஈற்றில் நெருக்கி நிற்கின்றன. பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் ஈறு இத்துணைக் கடினமாக இல்லை. டகர ஒலியோடு எளிதாகவே முடிந்தது. நான்காவது என்பதற்குரிய போர்த் என்னும் சொல்லின் ஈற்றைப் பார்த்து, எண்ணுப்பெயர்கள் யாவும் அவ்வாறே முடிதல் வேண்டும் என்று கருதிய மக்கள் இதனையும் அவ்வீற்றதாக மாற்றிவிட்டனர். குட் என்பதில் எல்லை நுழைத்த அதே ஒப்புமைதான் இங்கும் வேலை செய்தது. இன்று ஆங்கிலேயரே இச்சொல்லைச் சொல்ல முடியாமல் ஓர் ஒலியை விழுங்கிவிடுகின்றனர்.

அவர்களும் விழுங்குகின்றனர் என்பதைத் தமிழ் மாணவர் கருத்தில் இருத்துதல் நன்று. ஆங்கிலச் சொல் ஒன்றைப் பிறழச் சொல்லிய மாணவனை வகுப்பினர் எள்ளுதலும், அவன் நாணி அன்றுமுதல் வாய் திறவாதிருத்தலும் உண்டு. அறியாமையால் வருவது ஒரு பிழை. அறிந்தும் நா இடறுவதால் வருவது மற்றொன்று. நாப்பிறழ் தொடரைச் சொல்லுங்கால் அம்மொழியில் பிறந்து வளர்ந்தோரும் இரண்டாவது பிழையைச் செய்கின்றனர்.

அவ்விடறலை இக்காலத்தில் அறிவியலாரும் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஸ்டெபானி ஷட்டக்-ஹப்னகல் என்னும் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் தம் ஆராய்ச்சியை 2013-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சான்பிரான்சிஸ்கோ நகரில் கூடிய ஒலியியல் கழகத்தார் முன்னிலையில் எடுத்துரைத்தனர். சொற்களை வெறும் பட்டியலாக அடுக்கிச் சிலவும், அவற்றையே எழுவாய் பயனிலையோடு கூடிய வாக்கியமாக்கிச் சிலவும் அன்பர்களிடம் கொடுத்து விரைந்து சொல்லச் செய்தனர். டாப், காப் என்னும் சொற்களைப் பட்டியலாகச் சொன்னபோது, டகரமும் ககரமும் ஏறக்குறைய ஒரே கணத்தில் வெளிப்பட்டு ஒன்றன்மேல் ஒன்று விழும் இடறல் மிகுதியாயிற்று. வாக்கியமாகச் சொன்னபோது, இரண்டிற்கும் இடையே சிறு உயிரொலி ஒன்று தோன்றி அவற்றைப் பிரிக்கும் இடறல் மிகுந்தது. சொற்கள் ஒன்றே, அவை நின்ற அமைப்பு வேறுபட, இடறலும் வேறுபட்டது.

அவ்வாராய்ச்சியாளர் தாமே புதிய தொடர் ஒன்றையும் ஆக்கினர். பேட், கிட், போர்ட், கர்ட், புல்ட், காட் என்னும் ஆறு சொற்கள் கொண்டது அது. திண்டு, சிறுவன், ஊற்றினான், தயிர், இழுத்தான், காட் என்னும் மீன் என்பன முறையே அவற்றின் பொருள்கள். பெயர்க்கு முன்னர் ஆங்கிலத்தில் வரவேண்டிய சுட்டு இல்லை. இரண்டு வினைகளை இணைக்கும் இடைச்சொல் இல்லை. திண்டுச் சிறுவன் ஒருவன் தயிரை ஊற்றினான், மீனை இழுத்தான் என்று வலிந்து பொருள் கொள்ளலாமே அன்றி, இலக்கணம் அதற்குத் துணை நில்லாது. ஆராய்ச்சிக்கு வந்தோருள் சிலர் இதனைச் சொல்லத் தொடங்கி இடையிலேயே நிறுத்திவிட்டனர். பத்து முறை விரைந்து சொல்லுவார்க்குப் பரிசு உண்டு என்று அம்மையார் நகைச்சுவையாக அறிவித்தார்.